பொய்க்குரலும் புதர்க்காடும்: கொயோட்டி வேட்டையைக் கலையென்போருக்கு ஒரு மறுப்பு

அயல்நாட்டு வேட்டை எழுத்தை வியந்தோதும் போக்கொன்று நம் இலக்கிய நண்பர்களிடையே வேர்பிடித்து வருகிறது. ஜிம் கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த ஈர்ப்பு இயல்பானதே. ஆனால் இப்போது வியப்புக்குரிய பொருளாக முன்வைக்கப்படுவது வேறொன்று. அமெரிக்காவின் தென்மேற்குப் புதர்க்காடுகளில் கொயோட்டி என்னும் விலங்கைக் குரல்கொடுத்து அழைத்துச் சுடும் வேட்டை அது. 'இயற்கையோடு மனிதன் நிகழ்த்தும் உரையாடல்' என்று அதற்கு ஒரு பெயரும் சூட்டப்படுகிறது. விலங்கின் மொழியை மனிதன் கற்றுக்கொள்கிறான், விலங்கு அவனுக்கு மறுமொழி தருகிறது, இதைவிட உயர்ந்த கவித்துவம் உண்டா என்று கேட்கிறார்கள்.

உண்டு என்பதே நம் விடை. மேலும், இதில் கவித்துவம் இருக்கிறதா என்பதற்கு முன்பாக, இதில் உண்மை இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. சொற்களோடு வாழ்கிறவர்கள் சொற்களால் ஏமாறலாகாது. அதனால்தான் ஓர் இலக்கியப் பக்கத்தில் இந்த வேட்டையைப் பற்றி எழுத முற்படுகிறோம்.

*

முதலில் களத்தைப் பார்ப்போம். டெக்சஸ் மாநிலத்தின் தென்பகுதியில், நுவேசஸ் ஆற்றுக்கும் ரியோ கிராண்டே ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை அங்குள்ளவர்கள் புதர்நாடு என்றே அழைக்கிறார்கள். மெஸ்கீட் என்னும் முள்மரம், ஹுயிசாச்சே என்னும் வேலமரம், குவாஹியோ, செனீசோ, இவற்றுக்கிடையே சப்பாத்திக்கள்ளி என்று ஆள் நுழைய இயலாதபடி அடர்ந்த முட்காடு அது. நம் இராமநாதபுரத்துக்காரருக்கு அந்த நிலக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. நம் கண்மாய்களை விழுங்கிய சீமைக் கருவேலம் அந்த மெஸ்கீட்டின் நெருங்கிய உறவு. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டமே. அந்தக் காட்டை நேராகக் கீறிக்கொண்டு போகும் வெட்டவெளித் தடங்களுக்குச் செண்டெரோ என்று பெயர். வேட்டைக்காரனின் பார்வை எட்டுவது பெரும்பாலும் அந்தத் தடங்களில் மட்டுமே.

கொயோட்டி அந்தக் காட்டின் குடிமகன். ஓநாயைவிடச் சிறியது, நம் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரியது. தென்டெக்சஸில் பெரும்பாலும் 10 முதல் 15 கிலோ எடையிருக்கும். நாவா மொழியின் 'கொயோட்டில்' என்னும் சொல் ஸ்பானியத்தின் வழியாகக் கொயோட்டி ஆயிற்று. 1823இல் தாமஸ் சே அதற்கு இட்ட அறிவியற்பெயரின் பொருள் குரைக்கும் நாய் என்பதாகும். எலி, முயல், மான்குட்டி, செத்த மாடு, மெஸ்கீட் நெற்று, கள்ளிப்பழம் என எது கிடைத்தாலும் உண்ணும். இணையாக வாழ்ந்து, எல்லை வகுத்து, குட்டிகளை ஆணும் பெண்ணும் சேர்ந்து வளர்க்கும். அந்தியில் ஊளையிடும். அந்த ஊளைக்காகவே வேட்டைக்காரர்கள் அதைப் 'பாடும் நாய்' என்றும் செல்லமாக அழைப்பதுண்டு.

அழைத்து வேட்டையாடுவது எப்படி? காற்று முகத்தில் அடிக்குமாறும் கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறும் ஒரு புதரின் நிழலில் வேட்டைக்காரன் அசைவற்று அமர்கிறான். உள்ளே மெல்லிய சீவாளி பொருத்திய சிறு குழலொன்றை வாயில் வைத்து ஊதுகிறான். எழுவது இசையன்று. பருந்தின் நகத்திலோ நரியின் பல்லிலோ சிக்கிய முயலொன்றின் சாவுக்கதறல் அது. கொயோட்டி நேராக வராது. காற்றுவாக்கில் வளைந்து, அழைக்கும் இடத்தின் வாடையை முகர்ந்தறிந்த பிறகே நெருங்கும். ஆகவே தேர்ந்த வேட்டைக்காரர்கள் இருவராகச் செல்கிறார்கள். ஒருவன் ஊதுவான், மற்றவன் காற்றடிக்கும் திசையில் சற்றுத் தள்ளித் துப்பாக்கியோடு காத்திருப்பான். அடர்ந்த புதரில் விலங்கு இருபது முப்பது அடித் தொலைவில் திடீரென்று தோன்றும் என்பதால் அங்கே ரைஃபிளைவிட ஷாட்கன்னே ஏற்றது. பதினைந்து, இருபது நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள்.

இதில் திறமை இல்லை என்று நாம் சொல்லவில்லை. காற்றை அறிய வேண்டும், பொறுமை வேண்டும், விலங்கின் மனப்போக்கை உணர வேண்டும். மார்பிள் ஃபால்ஸ் ஊரின் பர்னம் சகோதரர்கள் 1950களில் அழைப்புக் குழல்களைச் சந்தைப்படுத்திய காலத்தில் அது பெரிதும் மனிதனின் மூச்சையும் செவியையும் நம்பியிருந்த கைவினையே. வேக்கோ நகரின் ஜானி ஸ்டூவர்ட் உண்மையான விலங்குகளின் கதறலைப் பதிவுசெய்து ஒலித்தட்டுகளாக விற்கத் தொடங்கியதும் அந்தக் கைவினை பாதி கழன்றுபோயிற்று. இன்று நூற்றுக்கணக்கான குரல்களை உள்ளடக்கிய மின்னணு ஒலிபெருக்கி ஒன்றைப் புதருக்குள் வைத்துவிட்டு, தொலைவிலிருந்து கையடக்கக் கருவியால் இயக்குகிறார்கள். அதன் பக்கத்தில் முயல்போல் துள்ளும் பொம்மை ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். இரவென்றால் உடற்சூட்டை ஒளிவடிவாகக் காட்டும் வெப்பத் தொலைநோக்கி துப்பாக்கியின்மேல் இருக்கும். பொத்தானை அழுத்துவதை உரையாடல் என்று சொல்லும் நண்பர்கள், உரையாடல் என்ற சொல்லை எங்கே கற்றார்கள் என்று அறிய விரும்புகிறோம்.

*

'வேட்டை என்றாலே வஞ்சனைதானே? வலை வஞ்சனை இல்லையா, பொறி வஞ்சனை இல்லையா?' என்பது நமக்கு எதிராக உடனே எழும் கேள்வி. நேர்மையான கேள்விதான். தமிழிலேயே இதற்குச் சான்றுண்டு. விலங்கைக் கவர்ந்திழுக்கக் கட்டிவைக்கும் பழக்கப்பட்ட விலங்குக்குப் 'பார்வை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வறண்ட நிலத்துக் குடியிருப்பின் முற்றத்தில் அத்தகைய பார்வைமான் விளாமரத்து அடியில் கட்டப்பட்டிருக்கிறது. மான் மானைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது.

ஆனால் அந்த முற்றத்தைச் சற்று ஊன்றிப் பாருங்கள். புல்லரிசியை நிலத்தைக் கிளறி எடுத்து, உரலில் குற்றி, உவரிநீரில் உலையேற்றும் பசி அங்கே இருக்கிறது. அந்த வஞ்சனையின் முடிவில் ஒரு சட்டி இருக்கிறது; அதைச் சுற்றிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். டெக்சஸ் புதர்க்காட்டில் சுடப்படும் கொயோட்டியை யாரும் உண்பதில்லை. வெப்பநாட்டு விலங்கின் மயிர் மெல்லியது என்பதால் அதன் தோலுக்கும் பெரிதாக விலையில்லை. பெரும்பாலும் சடலம் கிடந்த இடத்திலேயே விடப்படுகிறது, அல்லது படம் எடுத்தபின் எறியப்படுகிறது. பசிக்காகச் செய்யும் வஞ்சனையையும் பொழுதுபோக்குக்காகச் செய்யும் வஞ்சனையையும் ஒரே தட்டில் வைப்பது திறனாய்வு ஆகாது, அது சோம்பல்.

கார்பெட்டை முன்னிறுத்தி இன்னொரு வாதம் வரும். 1938இல் தாக் ஊரின் ஆட்கொல்லிப் பெண்புலியை அவர் ஆண்புலியின் குரலில் அழைத்தே வரவழைத்துச் சுட்டார். அது கலையென்றால் இது ஏன் கலையில்லை என்பார்கள். கார்பெட் அழைத்தது ஒரு குறிப்பிட்ட புலியை. அது மனிதரைக் கொன்ற புலி, ஊர்களை வெறிச்சோட வைத்த புலி. அழைத்தவரும் தரையில் நின்றபடி தம் உயிரைப் பணயம் வைத்திருந்தார். செண்டெரோ ஓரத்தில் அமர்ந்திருப்பவன் எந்தக் கொயோட்டியை அழைக்கிறான்? கேட்கும் தொலைவில் இருக்கும் எதையும். அது என்ன செய்தது? அவனுக்குத் தெரியாது. அவன் எதை இழக்கக்கூடும்? ஒரு விடியற்காலைத் தூக்கத்தை.

இன்னும் ஒன்று. முயலின் கதறலுக்கு வரும் கொயோட்டி பசியால் வருகிறது. ஆனால் அந்தக் கருவிகளில் மற்றொரு குரலும் இருக்கிறது. அடிபட்ட கொயோட்டிக் குட்டியின் அலறல் அது. பசியில்லாத விலங்கையும் அது ஓடிவரச் செய்யும் என்று வேட்டைக்காரர்களே பெருமையோடு கற்றுத்தருகிறார்கள். குட்டி ஈன்ற பருவத்தில் அந்த அலறலுக்கு வருபவை பெரும்பாலும் தாயும் தந்தையும். அச்சத்தை மீறி, பகலென்றும் பாராமல், மனித வாடையையும் பொருட்படுத்தாமல் வருகின்றன. ஒரு பெற்ற உயிரின் காப்புணர்ச்சியைத் தூண்டிலாக்கி அதன்மேல் பெருமை கொண்டாடுவதற்குக் கவித்துவம் என்று பெயரிட முடியுமானால், நாம் வகுப்பறைகளில் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுப்பது எதை?

*

'உணர்ச்சிவசப்படாதீர்கள், இது சேவை' என்பது அடுத்த அரண். கொயோட்டி ஆட்டுக்குட்டியைக் கொல்கிறது, கன்றைக் கொல்கிறது, மான்குட்டியைத் தின்கிறது. ஆகவே வேட்டைக்காரன் குடியானவனுக்கு உதவுகிறான் என்கிறார்கள். ஆட்டுக்குட்டி இழந்தவனின் துயரம் நமக்குப் புரியாததன்று. கிடை போட்டு வாழும் மக்களை அறிந்தவர்கள் நாம். பட்டிக்குள் புகுந்த விலங்கைச் சுட்டவன்மேல் நமக்கு வழக்கில்லை.

ஆனால் சேவை என்ற வாதத்தை வரலாறு ஆதரிக்கவில்லை. 1915இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொன்றுண்ணி விலங்குகளை ஒழிக்கப் பணம் ஒதுக்கியது. 1931இல் அதற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. ஸ்டிரிக்னைன், தாலியம், 1080 என்று அடுத்தடுத்து நஞ்சுகள் தூவப்பட்டன. 1972இல் குடியரசுத் தலைவர் நிக்சன் கூட்டரசு நிலங்களில் அந்நஞ்சுகளைத் தடைசெய்தார். 1982இல் ரீகன் அந்த ஆணையை நீக்கினார். இன்றும் கூட்டரசின் வேளாண்துறை ஒன்றே ஆண்டுதோறும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கொயோட்டிகளைக் கொல்கிறது. தனியார் கொல்வது அதற்கு மேல். ஒரு நூற்றாண்டுக்கு மேலான இந்தப் போரின் விளைவு என்ன? மேற்குச் சமவெளிகளிலும் பாலைகளிலும் வாழ்ந்த விலங்கு இன்று ஹவாய் நீங்கலாக 49 மாநிலங்களிலும் இருக்கிறது. நியூயார்க், சிகாகோ நகர்களுக்குள்ளும் குடியேறிவிட்டது. தெற்கே பனாமா வரை சென்றுவிட்டது. அதைவிட வலிய ஓநாயை மனிதன் ஒழித்துக்கட்டியதும் அதற்கு வழிதிறந்தது.

இது ஏன் என்பதற்கும் விடை உண்டு. அந்த விடை இந்த முட்காட்டிலிருந்தே கிடைத்தது என்பதுதான் வேடிக்கை. ஃபிரெட் நோல்ட்டன் டெக்சஸில் செய்த ஆய்வை 1972இல் வெளியிட்டார். அழிப்பு குறைவாக நடந்த பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக நான்கு குட்டிகளுக்குச் சற்று மேல். அழிப்பு கடுமையாக நடந்த பகுதிகளில் ஏறத்தாழ ஏழு. கூட்டம் குறையக் குறைய எஞ்சியவற்றுக்கு இரை மிகுகிறது; குட்டிகள் பெருகுகின்றன, பிழைக்கின்றன; வெற்றிடத்துக்கு அயலிலிருந்து இளம் விலங்குகள் வந்து சேர்கின்றன. 1975இல் கானலியும் லாங்ஹர்ஸ்ட்டும் கலிஃபோர்னியாவில் ஒரு கணக்கீட்டு மாதிரியை உருவாக்கிப் பார்த்தார்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 விலங்குகளைக் கொன்றாலும் ஒரு கூட்டம் அற்றுப்போக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகும் என்றது அது. வார இறுதியில் ஊதுகுழலோடு போகிறவர்கள் நூற்றுக்கு எத்தனை கொல்வார்கள்? அவர்கள் செய்வது களையெடுப்பு அன்று; கவாத்து. கவாத்து செய்த செடி என்னவாகும் என்று தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

ஆட்டைக் கொல்வது எல்லாக் கொயோட்டியும் அன்று என்பதும் கருதத்தக்கது. வடகலிஃபோர்னியப் பண்ணையொன்றில் 1990களில் செய்த ஆய்வுகளின்படி, ஆடுகளைக் கொன்றவை பெரும்பாலும் அவ்விடத்தில் எல்லை வகுத்துக் குட்டி வளர்த்த இணைகளே. ஆகவே இழப்பு நேர்ந்த இடத்தில், இழப்பு நேர்ந்த பருவத்தில், அந்தக் குறிப்பிட்ட இணையை நீக்குவதில் பொருளுண்டு. காவல்நாயையோ கழுதையையோ மந்தையோடு விடுவதிலும் பொருளுண்டு. அமெரிக்கப் பண்ணையாளர் பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆடே இல்லாத முட்காட்டில், பனிக்கால விடுமுறையில், அகப்பட்டதைச் சுட்டுவிட்டு, ஆட்டுக்காரனின் கண்ணீரைச் சாட்சிக்கு அழைப்பது பொருளற்றது. அந்தக் கண்ணீரும் அவர்களுக்கு ஓர் அழைப்புக்குழல் போலும்.

மான்குட்டி வாதம் இதைவிடச் சுவையானது. தென்டெக்சஸில் கொயோட்டி மான்குட்டிகளைப் பெருமளவில் உண்கிறது என்பது உண்மை. ஆனால் அங்கே மான் அருகிப்போன விலங்கன்று. நிலம் பெரும்பாலும் தனியாருடையது. மானை வளர்த்து, கொம்பின் அளவுக்கேற்ப விலை பேசி, வேட்டைக்குக் குத்தகை விடுவது பெருவணிகம். அதாவது கொயோட்டியின் வாயிலிருந்து காப்பாற்றப்படும் மான்குட்டி, கொம்பு முற்றும்வரை காப்பாற்றப்படுகிறது. பிறகு பணம் கட்டியவன் சுடுகிறான். கடைக்காரன் திருடனை அடிப்பதற்குக் கருணை என்று பெயரில்லை. கணக்கு என்று பெயர். கணக்கைக் கணக்கென்றே சொல்லிவிட்டால் நமக்கு அதில் பாதிச் சண்டை இல்லை.

*

மீதிச் சண்டை, கணக்கும் இல்லாத கொலையோடு. ஒரு வார இறுதியில் யார் மிகுதியாகக் கொன்று குவிக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு என்று போட்டிகள் நடக்கின்றன. எண்ணிக்கைக்கு ஒரு பரிசு, எடைக்கு ஒரு பரிசு. சடலங்களை வரிசையாகக் கிடத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதைக் கண்டு முகம் சுளித்தவர்கள் வெளியாட்கள் மட்டுமல்லர். 2014இல் கலிஃபோர்னியா இத்தகைய பரிசுப்போட்டியைத் தடைசெய்தது. 2018இல் வெர்மான்ட், 2019இல் நியூமெக்சிகோ, அரிசோனா, மாசசூசெட்ஸ், 2020இல் கொலராடோ, வாஷிங்டன், 2021இல் மேரிலாந்து, 2023இல் ஆரிகன், நியூயார்க் என்று தடை பரவிற்று. வேட்டையை மரபாகக் கொண்ட மாநிலங்களும் இப்பட்டியலில் உண்டு. டெக்சஸ் இல்லை. அங்கே கொயோட்டிக்குக் காப்புப் பருவமும் கிடையாது, எத்தனை கொல்லலாம் என்ற வரம்பும் கிடையாது.

வரம்பின்மை யாரையெல்லாம் தீண்டும் என்பதற்குச் செவ்வோநாயின் கதை போதும். ஒருகாலத்தில் அமெரிக்கத் தென்கிழக்கு முழுவதும் திரிந்த அவ்விலங்கு டெக்சஸ், லூயிசியானாக் கடற்கரையோரம் ஒடுங்கி, 1980இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. கூண்டில் வளர்ந்தவற்றை 1987இல் வடக்குக் கரோலினாவில் மீண்டும் காட்டில் விட்டார்கள். அவற்றைக் கொயோட்டி என்று கருதிச் சுட்டவர்கள் பலர்; 2014இல் நீதிமன்றம் தலையிட்டு அப்பகுதியின் ஐந்து மாவட்டங்களில் கொயோட்டி வேட்டைக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. 2018இல் வெளியான மரபணு ஆய்வுகள் இன்னொரு செய்தியைச் சொல்லின. டெக்சஸின் கால்வெஸ்டன் தீவில் கொயோட்டி என்று நினைக்கப்பட்ட விலங்குகளின் குருதியில், அழிந்துபோனதாகக் கருதிய செவ்வோநாயின் மரபுக்கூறுகள் இருக்கின்றன. எரிக்கப்பட்டதாக எண்ணிய சுவடியின் ஏடுகள் வேறொரு கட்டுக்குள்ளிருந்து கிடைத்ததைப் போன்ற செய்தி அது. தமிழ் படித்தவர்களுக்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. இரவில் வெப்பத் தொலைநோக்கியில் தெரியும் வெண்ணிறப் புள்ளி எந்த ஏடு என்று எந்தத் துப்பாக்கியும் வாசித்துப் பார்ப்பதில்லை.

*

இனி நமக்குரிய துறைக்கு வருவோம். இந்த வேட்டை நிலைபெற்றிருப்பது துப்பாக்கியால் அன்று, சொற்களால் என்பது நம் முடிபு. கொல்வதற்கு அங்கே 'அறுவடை' என்று பெயர். கொயோட்டியைப் பயிராக யாரும் விதைக்கவில்லை, உண்ணவும் இல்லை, ஆயினும் அறுவடை. தொல்லை தரும் இழிந்த பிராணிகளுக்கெல்லாம் பொதுவாக 'வார்மின்ட்' என்றொரு சொல் உண்டு. அந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் பிறகு கேள்வி இல்லை. இலக்கியமும் இதில் கைநனைத்திருக்கிறது. 1872இல் வெளிவந்த தம் பயணநூலில் மார்க் ட்வைன் கொயோட்டியைப் பசித்த, நோஞ்சான, கோழையான இழிபிராணியாகச் சித்திரித்தார். நகைச்சுவைக்காகச் செய்தார், வாசகர்கள் இயற்கை வரலாறாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முன்பே அந்நிலத்தின் தொல்குடிகள் பலரின் கதைகளில் கொயோட்டி உலகைச் செய்தவனாகவும், ஏமாற்றுபவனாகவும், ஏமாறுபவனாகவும், செத்துச் செத்துப் பிழைப்பவனாகவும் வாழ்ந்துகொண்டிருந்தது. 1949இல் டெக்சஸின் ஜே. ஃபிராங்க் டோபி கொயோட்டியின் குரலையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதி, மெக்சிகோ மாடுமேய்ப்பர்களின் கதைகளையும் தொல்குடிக் கதைகளையும் அதில் தொகுத்தார். புதர்நாட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். வெளியூர்க்காரரின் மென்மனம் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. குரலைக் கேட்டவரும் அதே மண்ணில் இருந்தார். குரலைப் போலிசெய்து கொல்கிறவர்களும் அதே மண்ணில் இருக்கிறார்கள். நம் நண்பர்கள் வியக்கத் தேர்ந்தெடுத்தது யாரை?

நம் மொழிபெயர்ப்புகளும் குற்றமற்றவை அல்ல. கொயோட்டியை நரி என்று பெயர்த்தால் பாட்டி வடை சுட்ட கதையின் தந்திரம் முழுவதும் அதன் தலையில் ஏறிவிடுகிறது. ஓநாய் என்றால் ஆட்டுத்தோல் போர்த்திய வஞ்சகம் ஏறிவிடுகிறது. பெயர்ச்சொல்லிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டபின் வழக்கை எதற்கு நடத்துவது? கொயோட்டியைக் கொயோட்டி என்றே எழுதுவோம். தமிழ் அதைத் தாங்கும்.

கடைசியாக ஒன்று. நண்பர்களுக்குச் சற்றுக் கசக்கும். ஆயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நரியின் ஊளையை வெறும் தொண்டையால் எழுப்பி நரியை வரவழைக்கும் வித்தைக்குப் பெயர்போன ஒரு சமூகம் நம்மிடையே இருக்கிறது. நரிக்குறவர் என்று அந்தப் பெயரிலேயே விலங்கும் இருக்கிறது. அவர்களிடம் சீவாளிக் குழல் இல்லை, மின்னணுக் கருவி இல்லை, வெப்பத் தொலைநோக்கி இல்லை. இருந்தது பசியும் செவியும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டையைக் குற்றமாக்கிற்று. அச்சட்டம் தேவையானதே, அதைத் தளர்த்தக் கோரவில்லை. ஆனால் வேட்டையை விட்டு ஊசியும் பாசியும் விற்க வந்த அம்மக்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்வதற்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேருந்து நிலையத்தில் அவர்கள் பக்கத்தில் வந்தமர்ந்தால் தள்ளி உட்காருகிற நாம், பச்சைப்புள்ளிச் சட்டை அணிந்து புதருக்குள் பொத்தானை அழுத்துகிறவனைக் கலைஞன் என்கிறோம். ஒரே செயல் இங்கே இழிவு, அங்கே கவித்துவம் என்றால், நாம் வியப்பது வித்தையை அன்று, சட்டையின் விலையை.

வேட்டை இலக்கியத்தைப் படிக்காதீர்கள் என்று நாம் யாரிடமும் சொல்லவில்லை. படியுங்கள், படிக்கும்போது சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொன்றவன் எந்த விலங்கைக் கொன்றான், ஏன் கொன்றான், கொன்றபின் அதை என்ன செய்தான்? அறுவடை என்று எழுதியிருக்கும் இடத்தில் கொலை என்று போட்டுப் பாருங்கள். அப்போதும் அந்தப் பத்தி நிமிர்ந்து நின்றால் அது நல்ல எழுத்து. கார்பெட்டின் பத்திகள் நிற்கும். நாம் படித்த கொயோட்டி வேட்டைப் பத்திகளில் பெரும்பாலானவை நிற்கவில்லை.

நிற்கும் என்று கருதும் நண்பர்கள் ஒரு பத்தியேனும் எடுத்துக்காட்டி மறுக்கட்டும். விவாதிக்க ஆயத்தமாக இருக்கிறோம்.